சம்பளத்துக்கு முன்னால் ரூம் எங்கே என்று கேள்

ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூரில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தான். ஏசி மெக்கானிக் வேலைக்கு துபாய் கிளம்புகிறானாம். "அங்கே மெட்ரோ இருக்கிறது, என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, போனில் மேப் இருக்கிறது. லீவு நாளில் சார்ஜாவில் மாமா வீட்டுக்குப் போய் வரலாம்தானே அண்ணா?" என்று கேட்டிருந்தான். பத்தாவது பாஸாகவில்லை என்று கடைசியில் ஒரு வரி.

தம்பி, அந்தக் கடைசி வரியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். உன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். பத்தாவது பாஸாகாததால் அதில் இ.சி.ஆர், அதாவது 'வெளிநாட்டு வேலைக்குச் சோதனை தேவை' என்று இருந்தால், அமீரகம், சவூதி, கத்தார், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக நீ நம் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். 1983-ல் வந்த சட்டம். டிப்ளமா படித்த எனக்கு அது தேவைப்படவில்லை. என் பக்கத்து சீட்டில் வந்தவருக்குத் தேவைப்பட்டது. ஒரே விமானம், ஒரே கம்பெனி. ஏமாறாமல் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையே சாக்காக வைத்து, "அனுமதிக்கெல்லாம் அலையாதே, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்" என்று சொல்லும் ஏஜென்ட் சேலத்திலும் உண்டு. அவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று நம் அரசின் இமைகிரேட் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

சரி, மெட்ரோ. நான் துபாய் போனது 2008-ல். அடுத்த வருடம் செப்டம்பர் 9-ம் தேதி மெட்ரோ திறந்தார்கள். கம்பெனி எங்களைத் தங்க வைத்த கேம்ப் ஹாலில் டிவியில் பார்த்தோம். நான் அதில் முதலில் ஏறியது ஏழெட்டு மாதம் கழித்துத்தான். காசு இல்லாமல் இல்லை. எங்கள் கேம்ப் சோனாப்பூரில். விடியுமுன் கம்பெனி பஸ் சைட்டுக்கு ஏற்றிப் போகும், இருட்டின பிறகு கொண்டுவந்து விடும். வாரத்தில் வெள்ளி ஒரு நாள்தான் லீவு. அந்த ஆரம்ப வருடங்களில் வெள்ளிக்கிழமை மெட்ரோ மதியத்துக்கு மேல்தான் ஓடும்! துணி துவைத்து, சமைத்து, ஸ்டேஷன் வரைக்கும் ஒரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். நீல நிற ரயில் மேம்பாலத்தில் போவதை வேடிக்கை பார்த்த நாட்கள்தான் அதிகம்.

உனக்கு இது புரியும். சனி ஞாயிறு ஆனால் ஏரிக்கு வருகிற கார்கள் 20 கொண்டை ஊசி வளைவையும் சர்ரென்று ஏறிவிடும். நாகலூர்க்காரன் கடைசி பஸ்ஸை விட்டால் அடிவாரத்தில் நின்று லோடு வண்டிக்குக் கை காட்ட வேண்டும். ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது சுற்றுலாக்காரர் ட்ரிப்பைத் தள்ளிப்போட்டார். உங்கள் ஊர்க்காரர்கள் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரோடு எல்லோருக்கும் ஒன்றுதான், போக்கு ஒன்றில்லை.

லைசென்ஸ் பற்றி. இருபது வளைவிலும் ஜீப் ஓட்டுகிறவனாக இருந்தாலும் நம் லைசென்ஸை அங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். பிரிட்டிஷ்காரர், ஜெர்மன்காரர் என்றால் நேராக மாற்றிக்கொள்ளலாம். நமக்கு கிளாஸ், டெஸ்ட், பல ஆயிரம் திர்ஹாம். கிளாஸ் இல்லாமல் நேராக டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்ட ஒரே ஒரு வாய்ப்பு என்று 2023-ல் கொண்டுவந்தார்கள். அதை முயற்சி செய், நம்பி மட்டும் இருக்காதே.

சார்ஜாவுக்கு மெட்ரோ கிடையாது. யூனியன் ஸ்டேஷன் பக்கம் போய் பஸ் ஏற வேண்டும். மாமாவைப் பார்க்க முடியும், ஆனால் லீவு நாளில் பாதி அதற்கே போய்விடும். வீடியோ காலில் பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பாய். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. போட்டிம் மாதிரி ஆப்தான் வேண்டும், பிளானைப் பொறுத்து மாசம் பணம் கட்டவும் நேரலாம். மேப் இலவசம். எந்த இடம் எவ்வளவு பக்கம் என்று காட்டும், உனக்கு அங்கே போக நேரம் உண்டா என்று காட்டாது.

முதல் மாசமே எங்கள் கம்பெனி பாஸ்போர்ட்டை "பத்திரத்துக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டது. அது அந்த ஊர் சட்டப்படியே தவறு என்பது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். கேட்டால் உன்னுடையதைக் கொடுக்காதே, நகல் கொடு.

மூன்றாம் வருடம் வேலை மாறி, ஊருக்குள்ளேயே இருக்கும் கராமாவில் ஆறு பேர் தங்கும் ஒரு ரூமுக்கு வந்தேன். கட்டில் வாடகை அதிகம். ஆனால் ஸ்டேஷனும் சரவண பவனும் நடக்கிற தூரம். துபாய்க்கு வந்தேன் என்று நான் சொல்வது அன்றிலிருந்துதான். குடும்பத்தை அழைக்க 4000 திர்ஹாம் சம்பளம், அல்லது தங்குமிடத்தோடு 3000 வேண்டும் என்பதையும் இப்போதே மனசில் போட்டுக்கொள்.

ஆகவே கம்பெனியிடம் கேட்க வேண்டியது: ரூம் எந்தப் பகுதியில், பக்கத்து பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், வாரத்தில் எந்த நாள் லீவு. பதிலை எழுத்தில் வாங்கு.

இந்த மாசக் கடைசி வரை சேலம் அஸ்தம்பட்டி வீட்டில்தான் இருக்கிறேன். ஆஃபர் லெட்டரையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் வா, இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். காலை பஸ்ஸிலேயே இறங்கி வந்துவிடு, அப்போதுதான் பேசி முடித்துத் திரும்பிப் போக பஸ் இருக்கும்.