கையில் இருப்பதையே மறுபடி வாங்கலாமா?

கேள்வி: 'தி க்யூர்' என்ற ஆங்கில ராக் குழுவின் 'டிஸின்டெக்ரேஷன்' ஆல்பம், மூன்று சிடி தொகுப்பாக (2010இல் வந்தது) என்னிடம் இருக்கிறது. அடுத்து ஒரு லைவ் ஆல்பம் வாங்க ஆசை. பழைய சிடி கடையில் அவர்களுடைய 'என்ட்ரீட்' லைவ் ஆல்பம் கண்ணில் பட்டது. "கிடைப்பதே அரிது" என்று சொல்லிக் கடைக்காரர் விலையை ஏற்றுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தொகுப்பின் மூன்றாவது சிடியை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் 'என்ட்ரீட் ப்ளஸ்' அதே கச்சேரிதான்: 1989 ஜூலை, லண்டன் வெம்ப்ளி அரீனா. கடையில் இருக்கும் பழைய பதிப்பில் எட்டே பாட்டு; உங்களிடம் 'டிஸின்டெக்ரேஷனின்' பன்னிரண்டும் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்கிறேன்: 'என்ட்ரீட்' முதலில் இலவசமாகக் கொடுக்கப்பட்ட டிஸ்க். 1991இல்தான் கடை விற்பனைக்கு வந்தது. அதற்கா இந்த விலை?

என்னைக் கேட்டால் 'பாரிஸ்' லைவ் ஆல்பத்தை வாங்குங்கள். 1992 அக்டோபரில் பாரிஸ் நகரின் ல ஸெனித் அரங்கில் பதிவானது, 1993இல் வெளியானது. அதே சுற்றுப்பயணத்தில் அமெரிக்காவில் பதிவான 'ஷோ'வும் அந்த வருடமே வந்தது. ஊரறிந்த ஹிட் பாட்டில் பெரும்பாலானவை 'ஷோ'வுக்குப் போய்விட, 'ஒன் ஹண்ட்ரட் இயர்ஸ்', 'தி ஃபிகர்ஹெட்' மாதிரி இருண்ட பழைய பாட்டுகள் 'பாரிஸுக்கு' வந்து சேர்ந்தன. நமக்கு அதுதானே வேண்டும்! 'ப்ளே ஃபார் டுடே' பாட்டில் கீபோர்டு மெட்டைக் கூட்டமே சேர்ந்து பாடும். அதற்காகவே காசு கொடுக்கலாம்.

1984இல் வந்த 'கான்சர்ட்' ஆல்பத்தை மட்டும் கேசட்டாகத் தேடுங்கள். எல்பியில் (இசைத்தட்டில்) பத்துப் பாட்டோடு முடிந்துவிடும். கேசட்டைத் திருப்பிப் போட்டால் 'க்யூரியாசிட்டி' என்று 1977 முதலான பழைய பதிவுகள் இன்னும் பத்து. ஒலி கரடுமுரடுதான். பழைய கேசட்டில் நாடாவை ப்ளேயரின் ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோயிருக்கலாம், பார்த்து வாங்குங்கள். இரண்டாம் பக்கத்தைக் கடையிலேயே ஓட்டிக் கேட்டுவிடுங்கள்.

2024 டிசம்பரில் வந்த 'சாங்ஸ் ஆஃப் எ லைவ் வேர்ல்ட்' லண்டன் ட்ராக்ஸி அரங்கில் நவம்பர் 1 அன்று பதிவானது. அன்றிரவு வாசித்தது 31 பாட்டு, இதில் இருப்பதோ அப்போது புதிதாக வந்த 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' ஆல்பத்தின் எட்டு மட்டும். முழுக் கச்சேரி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்து, கேள்விப்படாத லேபிளில் விற்கும் லைவ் எல்பிகளும் சந்தையில் உண்டு. இவர்களுடைய அந்தக்கால லைவ் எல்பி என்றால் அட்டையில் 'ஃபிக்‌ஷன்' என்ற அவர்களுடைய லேபிளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.