ஆல்பா முகட்டைக் காணோம் என்று கேட்டவருக்கு

வணக்கம். பாலிவினைல் அசிடேட் என்ற பாலிமர்ப் படலத்தின் மின்காப்புப் பண்பை (டைஎலக்ட்ரிக்) 60 டிகிரியில் அளந்தபோது, குறைந்த அதிர்வெண் பக்கம் மின்புல ஆற்றல் இழப்பு மலைபோல் ஏறி, ஆல்பா முகட்டை (பாலிமர்ச் சங்கிலிகள் புலத்துக்கேற்பத் திரும்பி அடங்கும் தளர்வைக் காட்டும் மேடு) மறைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஏற்றத்தின் சாய்வைப் பாருங்கள். லாக்-லாக் வரைபடத்தில் மைனஸ் 1 வந்தால் அது அயனிக் கடத்தல், சங்கிலிகளின் தளர்வு அல்ல.

படலத்தை மேசைமேல் திறந்தே வைத்திருந்தீர்களா? இந்தப் பாலிமரின் கண்ணாடி நிலைமாற்றமே (கண்ணாடிபோன்ற விறைப்பு போய் மென்மையாவது) 30–40 டிகிரியில்தான். மதுரைச் சித்திரை வெயிலில் உங்கள் அறையும் அதே சூட்டில்தான் இருக்கும். ஈரம் ஏறினால் நிலைமாற்றம் இன்னும் கீழிறங்கும், கடத்தலும் கூடும். எடை மாறாமல் நிற்கும்வரை வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள். இதைச் செய்யாமல் நான் இரண்டு மாத அளவீடுகளைத் தூக்கிப்போட்டேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பிறகும் ஏற்றம் இருந்தால், எப்சிலானின் (மின்காப்பு மாறிலியின்) மெய்ப்பகுதியை அதிர்வெண்ணின் இயல் மடக்கையைக் கொண்டு வகையிட்டு, மைனஸ் பை/2 ஆல் பெருக்குங்கள். நேர்மின்னோட்ட (டிசி) கடத்தல் இழப்பில் மட்டுமே சேரும், மெய்ப்பகுதியைத் தொடாது. முகடு வெளியே வந்துவிடும். அடிமட்ட அதிர்வெண்களில் மறுபடி எகிறினால் அது மின்முனை முனைவாக்கம் (அயனிகள் மின்முனைகளில் குவிவது), அந்தப் புள்ளிகளை விட்டுவிடுங்கள்.

பல வெப்பநிலைகளில் கிடைக்கும் தளர்வு நேரங்களுக்கு அர்ரீனியஸ் நேர்கோடு (தளர்வு நேரத்தின் மடக்கை எதிர் 1/வெப்பநிலை) மட்டும் வேண்டாம். ஆல்பா தளர்வு வளையும். அந்த வளைவுக்கான வோகல்-ஃபுல்ச்சர்-டாம்மன் சமன்பாட்டைப் பொருத்தி, தளர்வு நேரம் 100 வினாடியாகும் வெப்பநிலையை டிஎஸ்சி (வெப்ப ஓட்டத்தை அளக்கும் முறை) தரும் கண்ணாடி நிலைமாற்ற மதிப்போடு ஒப்பிடுங்கள். உலர்த்திய பின் வரும் வரைபடத்தை இங்கே போடுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.