துடிப்புக் கோளாறு இருக்கிறவர்கள் ஆன்டிபயாடிக் எடுக்கலாமா? கேள்வி பதில்

காரைக்குடியில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் யாருக்காவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது), லாங் க்யூடி (ஒரு துடிப்புக்குப் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராக அதிக நேரம் எடுப்பது, ஈசிஜியில் அந்த நேரத்தைக் காட்டுவதுதான் க்யூடி) மாதிரி இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஆன்டிபயாடிக் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் கீழே. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று மட்டும் கேட்காதீர்கள், அதை உங்களை நேரில் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தேவகோட்டை: ஆத்தாவுக்கு லாங் க்யூடி இருக்கிறது. தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் மூன்று நாளைக்கு எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

முதல் மாத்திரை போடுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டு "லாங் க்யூடி இருக்கிறது" என்று சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் மாற்றித்தான் தருவார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராவதற்கு செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின், அப்புறம் மாக்சிஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் அந்தப் பாதையைக் கொஞ்சம் அடைக்கிற மருந்துகள். ஈசிஜியில் க்யூடி நீள்வது அதனால்தான், ரொம்ப நீண்டால் துடிப்பு தாறுமாறாகி ஆள் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அமாக்சிசிலின், செஃபலெக்சின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றுக்கு இந்தக் குணம் இல்லை. பென்சிலின் அலர்ஜி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, அசித்ரோமைசின் உடம்பில் பாதியாகக் குறையவே மூன்று நாள் அளவுக்கு ஆகும், அதனால் மாத்திரை முடிந்த அன்றே ஆபத்தும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

பள்ளத்தூர்: அப்பச்சிக்கு துடிப்புக் கோளாறுக்கு சோட்டலால், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. ரெண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் கேட்டு ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கலந்த மாத்திரை வாங்கி வந்தோம்.

அதைக் கொடுக்காதீர்கள், இன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இதில் பயப்பட வேண்டியது அந்த ஒரு மாத்திரை மட்டும் இல்லை. சோட்டலாலே க்யூடியை நீட்டும். நீர் மாத்திரை பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் இறக்கிவிடும், மிச்சம் இருந்ததை வயிற்றுப்போக்கு கொண்டுபோய்விட்டது. ரெண்டு நாள் நீர் வற்றினால் சிறுநீரகம் சோர்ந்து, சோட்டலால் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். அதற்கு மேல் ஓஃப்ளாக்சசினும் அதே பாதையை அடைக்கும். வாந்தி என்று யாராவது டாம்பெரிடோன் அல்லது ஆன்டன்செட்ரான் கொடுத்தால் அதுவும் க்யூடியை நீட்டுவதுதான். இப்படி ஒன்றின் மேல் ஒன்று சேர்கிற நாளில்தான் விபரீதம் நடக்கிறது. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. அவருக்கு இதயம் வீங்கியிருக்கிறதா, தண்ணீர்க் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டுக்கொண்டு ஓஆர்எஸ் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும், ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஈசிஜியும் எடுங்கள். நடுவில் மயக்கம் வந்தாலோ நெஞ்சு அடித்துக்கொண்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

கோட்டையூர்: எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறேன். பல் வீக்கத்துக்கு அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள்.

உங்களுக்கு க்யூடியைவிட ரத்தக்கசிவுதான் கவலை. மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடும், கோட்ரைமாக்சசோல் என்கிற ஆன்டிபயாடிக்கும் அப்படியே. பல் டாக்டரிடம் அசிட்ரோம் சாப்பிடுவதைச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட வேண்டும். ஈறில் ரத்தம் நிற்கவில்லை, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அசிட்ரோமை நீங்களாக நிறுத்தவும் கூடாது, அது இன்னொரு ஆபத்து.

கானாடுகாத்தான்: எனக்கும் லாங் க்யூடி, அசித்ரோமைசின் எடுக்கலாமா?

தேவகோட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுவயல், மெடிக்கல் வைத்திருப்பவர்: அண்ணே, நான் வருடக்கணக்கில் அசித்ரோமைசின் விற்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜனங்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

தம்பி, நல்ல இதயம் உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. 2013-இல் டென்மார்க்கில் 18 முதல் 64 வயது வரையிலானவர்களைப் பார்த்தபோது பென்சிலினைவிட அசித்ரோமைசினால் இதய மரணம் கூடவில்லை. ஆனால் 2012-இல் அமெரிக்காவின் டென்னசியில் பார்த்த கணக்கில், அமாக்சிசிலினோடு ஒப்பிட்டால் 10 லட்சம் முறை கொடுத்ததற்கு 47 இதய மரணங்கள் கூடுதல். அதிலேயே இதய ஆபத்து மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்கினரிடம் அது 245. அடுத்த வருடமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. உங்கள் கடைக்கு வருபவர் எந்தப் பங்கு என்று முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வீர்கள்?

புதுவயல்: சீட்டு இல்லாமல் கேட்பவரை விரட்டினால் அடுத்த கடைக்குப் போவார், அவ்வளவுதானே.

போகட்டும் தம்பி. இல்லை, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதயத்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" ஆமாம் என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். உங்கள் கவுன்டர்தான் பல பேருக்குக் கடைசிக் காவல், இதை நான் மனதார சொல்கிறேன். அப்புறம் கேஸ் மாத்திரை என்று கேட்டதும் டாம்பெரிடோன் கலந்ததை எடுத்துக் கொடுக்கிற வழக்கத்தையும் விடுங்கள்.

காரைக்குடி: பேஸ்மேக்கர் இருக்கிறது. பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

பேஸ்மேக்கருக்காக மட்டும் என்றால் வேண்டாம். செயற்கை வால்வு இருந்தால் வேறு கதை, டாக்டரைக் கேளுங்கள்.

திருப்பத்தூர்: ஐயா இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறார். கிளாரித்ரோமைசின் கொடுக்கலாமா?

வேண்டாம். டிகாக்சின் ரத்தத்தில் ஏறி விஷமாகும். எழுதியவரிடம் சொல்லி மாற்றுங்கள்.

பெயர் சொல்லாதவர்: அசித்ரோமைசின் 500 எடுக்கலாமா?

இதே கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. உங்கள் நோய், வயது, மற்ற மாத்திரைகள் எதுவும் சொல்லாமல் நான் என்ன சொல்ல முடியும்?

குன்றக்குடி: மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த ஆன்டிபயாடிக்?

குழந்தை டாக்டரிடம் போங்கள்.

கண்டனூர், ஓர் ஆச்சி: என் க்யூடி எவ்வளவு என்று எனக்கே எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி ஆச்சி. ஈசிஜித் தாளின் மேல் ஓரத்தில் க்யூடி, க்யூடிசி என்று ரெண்டு எண் அச்சாகியிருக்கும், ரெண்டாவதைப் பாருங்கள், அது துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய எண். பொதுவாக ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லிசெகண்ட் வரை பரவாயில்லை. 500-ஐத் தாண்டினால் இந்த வகை ஆன்டிபயாடிக்குகள் பக்கமே போகக் கூடாது. அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், அதனால் பேரனைக் கொண்டு போனில் படம் எடுத்து வையுங்கள், மாத்திரைப் பட்டைகளையும் வரிசையாக வைத்து ஒரு படம். எந்த டாக்டரிடம் போனாலும் ரெண்டையும் காட்டுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ பேஸ்மேக்கரோ இருந்தால் மெஷின் போடுகிற எண் தப்பாக இருக்கலாம், அப்போது இதய டாக்டரிடம் கையால் அளந்து தரச் சொல்லுங்கள்.