புத்தகத்தில் 41 பேர், திரைக்கதையில் 4 பேர்: கேள்வி பதில்

கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, ஒரு புத்தகத்தை நாங்கள் படமாக்கியது பற்றி ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தரச் சொன்னேன். அன்று மழை, கரண்ட் வேறு போய்விட்டது. பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வராதவர்களுக்காக இரண்டு வரி. இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியேறிய 41 பேரிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசித் தொகுத்த புத்தகம் அது. நாவல் இல்லை, அவர்கள் சொன்னது சொன்னபடி. அதைத் திரைக்கதையாக்க நானும் இயக்குநரும் உட்கார்ந்தோம். மூன்று வருஷம், ஏழு பிரதி. படப்பிடிப்பு முடிந்து இப்போது டப்பிங் நடக்கிறது.

குன்னூர், கல்லூரி மாணவி: அக்கா, எல்லாமே நடந்த சம்பவம், புத்தகமும் கையில் இருக்கிறது. காட்சி காட்சியாகப் பிரித்தால் முடிந்ததுதானே? மூன்று வருஷம் எதற்கு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பிரதியை 40 நாளில் முடித்தேன். படித்துப் பார்த்தால் அந்தக் காலத்துச் செய்திப்படம் மாதிரி இருந்தது.

புத்தகம் விஷயவாரியாகப் போகிறது. ஒப்பந்தம் ஒரு அத்தியாயம், கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம் ஒரு அத்தியாயம், இங்கே வந்தபின் வேலை, கூலி, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம். படிக்கிறவர் நடுவில் மூடிவைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். படம் பார்க்கிறவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டுமென்றால் திரையில் யாராவது ஒருத்தர் எதையாவது முடிவு செய்தாக வேண்டும். புத்தகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உதாரணம் சொல்கிறேன். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாகக் கணக்கெடுத்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சமுள்ள 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களை மூட்டைக் கணக்கில் பிரித்துக்கொண்டார்கள். புத்தகத்தில் இது இரண்டு பக்கம், நன்றாக எழுதிய பக்கங்கள். படத்தில்? முதல் பிரதியில் பின்னணிக் குரல். இரண்டாவதில் கணக்குப்பிள்ளை பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், சுற்றிலும் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம் தோற்றது. மூன்றாவதில் துணிந்து மொத்தமாக எடுத்துவிட்டோம். படித்த நண்பர் ஒருவர், "இவங்க எதுக்குத்தான் ஊரைவிட்டுக் கிளம்புறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வழி கிடைத்தது, ஒரு பாட்டி சொல்லியிருந்த மூன்றே வரியில். அண்ணன் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறார், தம்பி இலங்கைக் குடியுரிமைக்கு. இரண்டு பேருக்கும் கேட்டது கிடைத்துவிடுகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, ஒரு சிம்னி விளக்கு, பலகைமேல் இரண்டு காகிதம், நடுவில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. எந்தக் காகிதத்தில் தன் பெயர் இருக்கிறது என்று அவள் கேட்கிறாள். மூன்று வரிக்கு ஆறு நிமிஷக் காட்சி. அதை எழுதிய பிறகு எண்ணிக்கை எதையும் எங்கேயும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியர்: 41 பேரை 4 பேராகக் குறைத்ததை எப்படி எடுத்துக்கொள்வது? தேயிலைக்குக் கவ்வாத்து மாதிரியா, இல்லை, பச்சையாகச் சொன்னால் பொய்யா?

கவ்வாத்து இல்லை சார். கவ்வாத்து வெட்டினால் அதே செடிதான் மறுபடி தளிர்க்கும். நாங்கள் பத்துச் செடியில் கிளை ஒடித்து, பதினொன்றாக ஒன்றை நட்டிருக்கிறோம். பொய்யா என்றால், சில ராத்திரி ஆமாம் என்றுதான் தோன்றியது.

அதனால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். பட்ட கஷ்டத்தை ஒன்றுசேர்க்கலாம், செய்த தப்பை ஒன்றுசேர்க்கக் கூடாது. மண்டபத்தில் மூன்று பெண்கள் பட்டதை ஒருத்தி பட்டதாகக் காட்டினால் மூவருக்கும் பெரிய வருத்தம் வராது. ஆனால் ஒரு கங்காணி அடித்த அடியையும், வேறொரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வாங்கிய லஞ்சத்தையும் ஒரே ஆள் தலையில் ஏற்றினால், அப்படி ஒருத்தன் உலகத்திலேயே இருந்ததில்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் ஊருக்குள் ஒருவரைக் கைகாட்டுவார்கள். அவருடைய பேரன் நம்மோடுதான் காலையில் குன்னூர் பஸ்ஸுக்கு நிற்கிறான்.

இந்த இடத்தில்தான் முதல் தயாரிப்பாளரோடு முட்டிக்கொண்டது. பெயர் வேண்டாம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "வில்லன் யாரும்மா?" என்றார். "ஒப்பந்தம்தான் சார்" என்றேன், ரொம்பப் புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்ட நினைப்பில். "சரி, ஒப்பந்தம் வேஷத்துக்கு யாரைப் போடறது?" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் கேட்டது சரியான கேள்விதான். எதிர்த்து நிற்க ஆளே இல்லாத கதையை இரண்டு மணி நேரம் யார் பார்ப்பார்கள்? ஐந்தாவது பிரதியில்தான் புரிந்தது, எதிராளியை வெளியே தேட வேண்டாம், அண்ணனே போதும் என்று. குடும்பத்தின் நல்லதுக்கென்று யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிற அண்ணன். அப்படிப்பட்டவர் புத்தகத்திலும் உண்டு, நம் வீட்டிலும் உண்டு.

ஊட்டி, வழக்கறிஞரிடம் வேலை பார்க்கும் தம்பி: உண்மைச் சம்பவத்துக்கு எதற்கு அனுமதி? அது யாருக்கும் சொந்தமில்லையே?

சம்பவம் யாருக்கும் சொந்தமில்லைதான். 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். கருவுக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கிற விதத்துக்கு உண்டு. ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த விதம்தானே! பாட்டி சொன்ன வாக்கியமே வசனமாக வேண்டும். அப்படியென்றால் கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வார்கள். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதி. அந்த முதல் தயாரிப்பாளர் பதினான்கு மாதம் போனை எடுக்காமல் இருந்தபோது எங்களைக் காப்பாற்றியது இந்தக் கடைசி விஷயம். நாங்கள் தெரிந்து வைத்துக்கொண்டதில்லை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுத மறந்ததால் கிடைத்த அதிர்ஷ்டம்.

பழைய புத்தகம் என்றால் சுலபம். ஆசிரியர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம் எண்ண வேண்டும். உ.வே.சா. 1942-இல் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவர் வெளியிட்டவற்றுக்கு 2002 முடிவோடு உரிமை தீர்ந்தது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர் என்றால் அந்தக் கணக்கும் வேண்டாம்.

சட்டம் கேட்காத ஒன்றையும் செய்தோம். புத்தகத்தில் பேசியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். பலர் இப்போது இல்லை, பிள்ளைகளிடம் பேசினோம். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த இரண்டு பேருடைய கதையில் ஒரு வரிகூட படத்தில் இல்லை. அதில் ஒன்று, புத்தகத்திலேயே சிறந்த பகுதி. வயிற்றெரிச்சல்தான், என்ன செய்ய?

கூடலூர், ஸ்டூடியோ வைத்திருப்பவர்: "கற்பனையே" என்று முதலில் ஒரு ஸ்லைடு போட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

தீராது அண்ணா. பெயரை மாற்றி, தெருவையும் தழும்பையும் அப்படியே வைத்தால் ஊருக்கே ஆள் யாரென்று தெரியும். 1994-இல் ஆர்.ராஜகோபால் வழக்கில், ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதை பற்றிய வழக்கு அது, பொது ஆவணத்தில் இருப்பதை அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டித் தனிவாழ்க்கைக்குள் போனால் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்லைடு நம் மனசாட்சிக்குப் போட்டுக்கொள்வது.

வெலிங்டன், முன்னாள் ராணுவ வீரர்: இதை நன்றாகச் செய்த தமிழ்ப் படம் எது?

'சூரரைப் போற்று' பார்த்திருப்பீர்கள் சார். கேப்டன் கோபிநாத் எழுதிய தன்வரலாற்றிலிருந்து வந்தது. அவர் கர்நாடகத்துக்காரர், உங்களைப் போலத் தரைப்படை. படத்தில் சோழவந்தான்காரர், விமானப்படை. ஊரையே மாற்றிவிட்டார்கள், ஆனால் சாமானியனும் விமானம் ஏற வேண்டும் என்கிற வெறியை விடவில்லை. அது போதும் என்பது என் கட்சி. சண்டை போடுகிறவர்கள் உண்டு.

எனக்கு அதைவிட முக்கியமான படம் 'விசாரணை'. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், குண்டூர் போலீஸிடம் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்'பிலிருந்து வந்தது. முதல் பாதி பெரும்பாலும் போலீஸ் லாக்கப்பைவிட்டு நகராது. இரண்டாம் பாதியில் படம் புத்தகத்துக்கு வெளியே போய், அடித்த கையின் பக்கம் நின்று பார்க்கிறது. உள்ளே இருந்தவருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்க வழியில்லை. புத்தகத்துக்கு விசுவாசம் என்பது வரிக்கு வரி எடுப்பதில்லை என்று நான் புரிந்துகொண்டது அங்கேதான்.

அமெரிக்காவில் ஒருவர், ஆர்க்கிட் திருடனைப் பற்றிய புத்தகத்தைத் திரைக்கதையாக்க முடியாமல் திணறி, திணறிய தன்னையே பாத்திரமாக்கி எழுதினார். 'அடாப்டேஷன்' என்ற அந்தப் படம் 2002-இல் வந்தது. நான்காவது பிரதியில் மாட்டிக்கொண்டபோது எனக்கும் அந்த ஆசை வந்தது. இயக்குநர் முறைத்தார், விட்டுவிட்டேன்.

கோத்தகிரி, கல்லூரிப் பையன்: பேச்சுத் தமிழை எப்படிப் பிடித்தீர்கள்?

தம்பி, எங்கள் பெரிய தலைவலி இது. சென்னையிலிருந்து வந்த நடிகர்களிடம் "இலங்கைத் தமிழ்" என்றதும் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில் இழுக்க ஆரம்பித்தார்கள். மலையகத் தமிழ் அது இல்லை. திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கூலிக்குப் போனவர்களின் பேச்சு, தோட்டத்துச் சொற்களோடு கலந்தது. விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடம் பிரட்டுக்களம். ஒருநாள் வேலைக்குப் பதிவானால் 'பேர்'. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். ரயிலுக்குக் கோச்சி.

"அரைப்பேரா?" என்று ஒரு பெண் கேட்கிற இடம் படத்தில் வருகிறது. கீழே விளக்கம் போடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தாலே கூலி போய்விட்டது என்று தெரியும்.

ஊட்டி இந்து நகர், பெயர் எழுதவில்லை: என் அப்பா ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஃபிலிமில் எடுத்தீர்களா?

இல்லைங்க, டிஜிட்டல்தான். 1967-இலிருந்து நம் ஊரிலேயே ஃபிலிம் செய்தார்கள், இன்று ஒரு சுருள் வாங்க வெளியே போக வேண்டும். வேறென்ன சொல்ல.

பந்தலூர், சிறு தேயிலை விவசாயி: இலங்கைத் தோட்டத்தை நம் தோட்டத்தில் வைத்தே எடுத்தீர்களாமே? வித்தியாசம் தெரியாதா?

மலை, பனி, சில்வர் ஓக் மரம் எல்லாம் பார்வைக்கு ஒத்துப்போகும். காட்டிக்கொடுத்தது செடி. இப்போது நம் பக்கம் கத்தரி வைத்து வெட்டுகிறோம், செடியின் தலை மேசை மாதிரி தட்டையாக, இலை பாதி வெட்டுப்பட்டு நிற்கும். எழுபதுகளில் கையால் கிள்ளிய தோட்டம் அப்படி இருக்காது. முதல் நாள் எடுத்ததை மானிட்டரில் பார்த்த உள்ளூர் அக்கா ஒருவர்தான் சொன்னார், "இது கத்தரி போட்ட காடுங்க, கிள்ளுன காடு இல்ல." அரைநாள் வேலை வீண். அப்புறம் கையால் பறிக்கிற ஒரு சின்னத் தோட்டத்தைத் தேடிப் பிடித்தோம். இடுப்பு நைலான் பையை எடுத்துவிட்டு, கயிற்றைத் தலையில் மாட்டுகிற கூடை கொடுத்தோம். நடிகைகளுக்கு இரண்டு நாள் கழுத்து வலி.

குன்னூர், நூலகர்: புத்தகத்தில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்?

ஒருவருக்கு மட்டும் காட்டினோம். அந்த மூன்று வரியைச் சொன்ன பாட்டி, அண்ணன் தம்பிக்குத் தங்கை. சேரம்பாடிப் பக்கம் அவர் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து, காகிதக் காட்சியிலிருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறுவது வரை ஓட்டினோம். பேசாமல் பார்த்தார். கப்பல் வந்ததும் திரைக்குக் கிட்டே குனிந்து, "எங்க பெட்டி இது இல்ல. எங்களுதுல பூட்டு ஏது? கயிறுதான் கட்டியிருந்தோம்" என்றார். கலை இயக்குநர் பூட்டோடு ஒரு நல்ல இரும்புப் பெட்டியைத் தேடிப் பிடித்து வந்திருந்தார், பாவம்.

அப்புறம் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். முடிந்ததும் கேட்டார், "சின்னண்ணன் ஏன் அழல? அதுதான் ரொம்ப அழுதுச்சு." தம்பி அழாமல் நின்றால்தான் காட்சி தாங்கும் என்று இயக்குநர் பிடிவாதமாக எடுத்த ஷாட் அது. எனக்கும் அதுதான் பிடிக்கும்.

பெட்டி வருகிற மூன்று ஷாட்டில் பூட்டு தெரிகிற ஒன்றை வெட்டிவிட்டோம். தம்பி விஷயத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அழாத ஷாட்டைத் தவிர வேறு எடுக்கவில்லை.