டையை இறக்கினால் போல்ட் ஏன் இன்னும் இறுகுகிறது?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். உரிமம் பெற்ற .30-06 போல்ட் ரைஃபிளில் இலக்குச் சுடுகிறேன். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கழுத்து மட்டும் சைஸ் செய்து (அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து), மறுபடி மருந்து நிரப்பிப் பலமுறை பயன்படுத்தியதில், இப்போது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூட முரண்டு பிடிக்கிறது. கூட்டை முழு நீளத்துக்கும் நெருக்கும் அச்சான ஃபுல் லெங்த் டையை மாட்டி, கொஞ்சம் இறக்கி அழுத்தினேன். முன்பைவிட இறுகிவிட்டது. டை கோளாறா? கூடுகளை உரம் வைக்கும் அறையில்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: டையைச் சந்தேகிக்க வேண்டாம். பாதி வழியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கழுத்தை மட்டும் சைஸ் செய்யும்போது, கூட்டின் உடலும் தோளும் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) ஒவ்வொரு சூட்டிலும் உப்பி, கடைசியில் தோட்டா உட்காரும் சேம்பரை இண்டு இடுக்கில்லாமல் நிறைத்துவிடும். போல்ட் இறுகியது அதனால். ஃபுல் லெங்த் டை முதலில் பிடிப்பது உடலை. பக்கவாட்டில் நெருக்கினால் பித்தளைக்குப் போக்கிடம் முன்பக்கம்தான்; தோளை மேலே தள்ளிவிடும். அந்த நிலையில் டையின் தோள் கூட்டின் தோளைத் தொட்டிருக்காது. ஆக, கூடு சைஸ் ஆவதற்குப் பதில் நீண்டுவிடுகிறது. பலர் இங்கே பயந்துபோய் டையை மேலே ஏற்றிவிடுகிறார்கள். இன்னும் ஒரு துளி இறக்க வேண்டிய இடம் இது.

அந்தத் துளி எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும். டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்றுக்கு 1.81 மி.மீ. இறங்கும். சுட்ட கூட்டின் அளவிலிருந்து தோள் பின்வாங்க வேண்டியது 0.025 முதல் 0.05 மி.மீ. மட்டுமே. 0.05 என்பது ஒரு சுற்றில் 36-ல் ஒரு பங்கு. டையை அதன் இடத்தில் நிறுத்தும் லாக் ரிங்கில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, கோடு நகர்வதைக் கண்ணால் பார்த்தபடி திருப்புங்கள். தோளின் இடத்தைக் காட்ட காலிப்பரில் மாட்டும் கம்பாரேட்டரால் அளப்பது உத்தமம். கூடவே போல்ட்டின் ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டு, பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் இல்லாத வெறும் கூட்டைப் போட்டு மூடிப் பாருங்கள். கைப்பிடி லேசாக இறங்கினால் அங்கேயே லாக் ரிங்கை முடுக்கிவிடுங்கள்.

அதற்கும் கீழே போகாதீர்கள். தோளைப் பின்னால் அதிகம் தள்ளினால், சுடும்போதெல்லாம் கூடு அடிப்பகுதிக்கு மேலே இழுபட்டு மெலியும். ஒருநாள் அங்கேயே துண்டாகிச் சூடான வாயு பின்னால் வரும். மெல்லிய கம்பியின் நுனியை மடக்கி, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து 1 செ.மீ. உயரம்வரை சுவரைச் சுரண்டிப் பாருங்கள். நுனி பள்ளத்தில் சிக்கினாலோ, வெளியே அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தாலோ அந்தக் கூட்டை நசுக்கிவிடுங்கள்.

சைஸ் செய்யுமுன் பூசும் மசகு (லூப்) கூட்டின் உடலில் மெல்லிசாக இருந்தால் போதும். தோளில் தேங்கினால் பள்ளம் விழும், இல்லாவிட்டால் கூடு டையில் சிக்கும். சைஸ் செய்தபின் நீளம் 63.35 மி.மீ.யைத் தாண்டக்கூடாது, தாண்டினால் 63.09-க்கு வெட்டுங்கள். உங்கள் உரிமம் ரீலோடிங்குக்கும் (சுட்ட கூட்டை மறுபடி நிரப்புவதற்கும்) பொருந்துமா என்பதைச் சேலம் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவும் உரிமம் தேவை.

எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்த உர அறை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயத்துக்கருகே வைத்த தோட்டாக்களின் பித்தளை தானாகவே கீறல் விட்டது. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921-ல் விளக்கினார்கள். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் வைத்த அறையில், ஏற்காட்டு ஈரத்தோடு, அதே ஆபத்து இருக்கிறது. அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷும் ஆகாது. குத்துவிளக்குக்குப் போடுகிற புளி பரவாயில்லை, ஆனால் ஊறவிடாமல் உடனே கழுவிக் காயவையுங்கள்.

கூடுகளை இன்றே வீட்டுக்குள் மாற்றுங்கள். அங்கே கிடந்த ஒவ்வொன்றின் கழுத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.