எக்செல் கோப்பைப் படிக்க ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை நம்பலாமா, நாமே எழுதிக்கொள்ளலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஓப்பன்பைஎக்செல் என்ற இலவச பைத்தான் லைப்ரரியை வைத்து ஒரு கோப்பைப் படித்திருக்கிறீர்கள், தேதி வர வேண்டிய இடத்தில் 45292 என்று வந்திருக்கிறது, கடுப்பாகி நாமே எழுதிவிடலாம் என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். வேண்டாம். நான் எழுதிப் பட்டவன், அதனால்தான் சொல்கிறேன்.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ், அதாவது இன்றைய எக்செல் கோப்பு, வெறும் ஜிப் கோப்புதான். பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும், பார்த்ததும் இவ்வளவுதானா என்று தோன்றும். எங்கள் அலுவலகத்தில் வெளி லைப்ரரி சேர்க்க அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அதனால் இரண்டே நாளில் நானே ஒரு ரீடர் எழுதினேன். எழுத்துகள் பெரும்பாலும் ஷீட்டில் இருக்காது, ஷேர்ட் ஸ்ட்ரிங்ஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கும், செல்லில் அதன் வரிசை எண் மட்டுமே இருக்கும். இதைக் கண்டுபிடித்துச் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளரின் கோப்பில் தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஃபோன் எண் வந்து உட்கார்ந்திருந்தது. காலி செல்லைப் பெரும்பாலும் கோப்பில் எழுதவே மாட்டார்கள், ஏ5-க்கு அடுத்து நேராக சி5 வந்துவிடும். ஒவ்வொரு செல்லிலும் அதன் முகவரி எழுதியிருக்கிறது, ஆனால் என் கோடு அதைப் பார்க்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனது. தொகையைக் காலியாக விட்ட வரிசைகளில் எல்லாம் ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. எரர் எதுவும் வரவில்லை, அதுதான் பயங்கரம்.

அப்புறம் தேதி. எக்செல்லில் தேதி என்பது ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணி வந்த ஒரு எண், அவ்வளவுதான். 2024 ஜனவரி 1, 1900-இல் தொடங்கும் வழக்கமான கணக்கில் 45292. ஆனால் பழைய மேக் எக்செல்லில் பிறந்த கோப்புகளில் 1904 கணக்கு இருக்கும், அதில் அதே நாள் 43830. என் ரீடர் அதை 2019 டிசம்பர் 31 என்று படித்தது, நான்கு வருடமும் ஒரு நாளும் பின்னால். எந்தக் கணக்கு என்பது ஒர்க்புக் கோப்பில் ஒரே ஒரு பண்பில் இருக்கிறது, தெரியாதவன் கண்ணில் படவே படாது. ஓப்பன்பைஎக்செல் அதைப் பார்த்துத்தான் தேதியைக் கணக்கிடுகிறது.

உங்கள் 45292-க்கும் காரணம் லைப்ரரி இல்லை. அந்த செல்லின் ஃபார்மேட் தேதி என்று இருந்தால்தான் அது தேதியாக மாற்றித் தரும், உங்கள் கோப்பில் ஜெனரல் என்று இருக்கும், பாருங்கள். அதிலேயே இருக்கும் ஃப்ரம் எக்செல் ஃபங்ஷனுக்கு எண்ணையும் ஒர்க்புக்கின் ஈபாக்கையும் (தேதிக் கணக்கின் தொடக்க நாள்) கொடுத்தால் போதும்.

வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது வருவார்கள். எனக்கும் அந்தத் திட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது மெதுவானது, சரி. கோப்பின் அளவைப் போல ஏறக்குறைய 50 மடங்கு மெமரி கேட்கும் என்று அவர்களே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள், பெரிய கோப்புக்கு ரீட் ஒன்லி முறையில் திறக்க வேண்டும். ஃபார்முலாவுக்குப் பதில் விடையைக் கேட்கும் டேட்டா ஒன்லி போட்டும் ஃபார்முலா செல் காலியாக வந்தால், அந்தக் கோப்பை ஏதோ ஒரு நிரல் உருவாக்கியிருக்கும், எக்செல்லில் ஒருமுறைகூடத் திறந்து சேமித்திருக்க மாட்டார்கள். லைப்ரரி ஃபார்முலாவைக் கணக்கிடாது, கடைசியாகச் சேமித்த விடையைத்தான் எடுத்துத் தரும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2020 டிசம்பரில் எக்செல் படிக்கும் இன்னொரு லைப்ரரியான எக்ஸ்எல்ஆர்டி 2.0 வந்தபோது, பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வகை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆதரவை நீக்கினார்கள். அதை நம்பி இரவில் தானாக ஓடிய எங்கள் நிரல் ஒன்று நின்றுபோனது, மறுநாள் கூட்டத்தில் அந்த லைப்ரரிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பதிப்பு எண்ணைப் பூட்டி வைக்காதது நாங்கள். வருடக்கணக்கில் அதை வைத்துச் சம்பாதித்தவர்கள் அவர்களுக்கு ஒரு நன்றி எழுதியதில்லை. பிறகு நான் வேறொரு லைப்ரரியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, ஆறு வரியில் சரிசெய்து, சோதனைக் கோப்போடு அனுப்ப அனுமதி கேட்டேன். நிறுவனத்தின் கோடு வெளியே போகக் கூடாது என்று சட்டப் பிரிவு மறுத்துவிட்டது. அந்த ஆறு வரி இன்றைக்கும் எங்கள் சர்வரில் மட்டும்தான் ஓடுகிறது.