அழுகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் ‘லவ் இன் வெய்ன்’ (வீணான காதல்) பாட்டைப் பாடினால் ஒப்பாரி மாதிரி ஆகிவிடுகிறது, ரயிலின் இரண்டு விளக்குகளும் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் வரியைப் பாருங்கள். காதலியின் பின்னால் ஸ்டேஷனுக்குப் போகிறவன் கையில் ஒரு சூட்கேஸ். அது அவளுடையது என்றுதான் நான் கேட்கிறேன். விட்டுப்போகிறவளின் சுமையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்கிறான். போகாதே என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைப்பது அந்தப் பெட்டியில்தான். அழுகை ரயில் வந்த பிறகுதான் வருகிறது. அதனால் முதல் சரணத்தைப் பேசுவதுபோலவே பாடுங்கள். அதே வரி திரும்ப வரும் இல்லையா, அப்போது குரலை உயர்த்தாமல் தணித்துப் பாருங்கள். வரி முடிந்ததும் கிட்டாருக்கு இடம் விடுங்கள்.

விளக்குகள் புறப்பட்ட ரயிலின் பின்பக்கம் எரிபவை. நீலம் அவன் துயரம், சிவப்பு அவன் மனம். இரண்டும் அவளோடு போய்விடுகின்றன. அப்புறம் அவனிடம் சொல் மிஞ்சுவதில்லை. 1937இல் டல்லாஸில் செய்த பதிவில் கடைசிச் சரணம் பெரும்பாலும் முனகல்தான், நடுவில் வில்லி மே என்று ஒரு பெண்ணின் பெயர். சரி, அங்கே நீங்கள் மனம்விட்டு அழலாம்.